ஒப்பந்தம் முடிந்த மறுநாள்

‘வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்’ என்றார்கள் நம் முன்னோர். கட்டிய வீட்டை வாடகைக்கு விட்டுப் பார் என்று மூன்றாவதாக ஒன்றைச் சேர்க்க அவர்களுக்குத் தோன்றவில்லை. தோன்றாததில் வியப்பும் இல்லை. இந்நாட்டில் நம்மவர் பலருக்கு இரண்டு தலைமுறைக்கு முன்பு சொந்த வீடே கிடையாது. இதில் வாடகைக்கு விட இன்னொரு வீட்டுக்கு எங்கே போவது?

இன்று நிலைமை மாறியிருக்கிறது. தமிழ்ப் பேரவையில் நாடகம் போட்டும் பட்டிமன்றத்தில் முழங்கியும் பட்டம் பெற்றுச் சென்றவர்களில் பலர், வேலையில் சேர்ந்த சில ஆண்டுகளுக்குள் ஓர் அடுக்குமாடி வீட்டையாவது வாங்கிவிடுகிறார்கள். பிறகு மணமாகிறது, வேலை வேறு ஊருக்கு மாறுகிறது. வாங்கிய வீடு வாடகைக்குப் போகிறது. வங்கிக் கடனை வாடகை அடைத்துவிடும் என்பது கணக்கு. அதே வேளையில், இன்று பேரவையில் இருக்கும் மாணவர்களில் ஒரு பகுதியினர் விடுதியில் இடம் கிடைக்காமல், வளாகத்துக்கு அருகிலுள்ள தாமான்களில் நால்வர் ஐவராகச் சேர்ந்து வீடெடுத்துத் தங்குகிறார்கள். ஆக, இம்மலரைப் புரட்டுவோரில் வீட்டு உரிமையாளரும் உண்டு, வாடகைதாரரும் உண்டு. இக்கட்டுரை முன்னவரை நோக்கி எழுதப்பட்டது. பின்னவரும் படிக்கலாம், படித்தால் இழப்பு ஒன்றுமில்லை.

கேள்வி எளிமையானது. ஓராண்டு அல்லது ஈராண்டு என்று காலம் குறித்துப் போட்ட வாடகை ஒப்பந்தம் முடிவுக்கு வருகிறது. அப்போது உரிமையாளர் என்னென்ன செய்யலாம்?

இதற்கு நம்மிடையே இரண்டு பதில்கள் உலவுகின்றன. ‘என் வீடு, நான் என்ன வேண்டுமானாலும் செய்வேன்’ என்பது ஒன்று. ‘உள்ளே வந்தவனைக் கிளப்ப முடியாது, கோர்ட்டுக்குப் போனால் வருடக்கணக்காகும்’ என்பது மற்றொன்று. பெரும்பாலும் ஒரே மனிதர்தான் இரண்டையும் சொல்கிறார். முதலாவதை ஒப்பந்தம் போடும்போதும், இரண்டாவதை அது முடிந்த பிறகும். என் கருத்து இதுதான்: உரிமையாளரின் வலிமையெல்லாம் அந்தக் கடைசி நாளுக்கு முன்பு இருக்கிறது. அப்போது கையில் இருக்கும் உரிமைகளை நம்மவர்கள் முகத்தாட்சணியத்தால் நழுவ விடுகிறார்கள். நாள் கடந்த பிறகு, சட்டம் தராத ஓர் உரிமையைக் கோபத்தால் கையில் எடுத்துக்கொள்கிறார்கள்.

காலம் குறித்தது ஏன்?

முதலில் அடிப்படையைப் பார்ப்போம். (சபா, சரவாக் மாநிலங்களின் நிலச் சட்டங்கள் வேறு. இங்கே நான் பேசுவது தீபகற்ப மலேசியாவைப் பற்றி.) தேசிய நிலச் சட்டத்தின்படி மூன்றாண்டுக்கு மேற்பட்ட காலத்துக்கு ஒரு வீட்டை விட்டால் அது குத்தகை, நில அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். மூன்றாண்டுக்கு மேற்படாவிட்டால் பதிவு தேவையில்லை. முகவர்கள் நீட்டும் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஓராண்டு, ஈராண்டு என்றே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

காலம் குறித்த வாடகையின் தனித்தன்மை என்னவென்றால், குறித்த நாள் வந்ததும் அது தானாகவே முடிந்துவிடுகிறது. ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதியிருந்தாலொழிய, உரிமையாளர் அறிவிப்புக் கடிதம் கொடுக்க வேண்டியதில்லை. காரணம் சொல்ல வேண்டியதும் இல்லை. மகனுக்கு வீடு தேவைப்படுகிறது, விற்கப் போகிறேன், வாடகையை உயர்த்த விரும்புகிறேன், அல்லது வெறுமனே பிடிக்கவில்லை. எதுவாக இருந்தாலும் புதுப்பிக்க மறுக்கலாம்.

இந்த விடுதலை இந்நாட்டில் எல்லாக் காலத்திலும் எல்லா வீட்டுக்கும் இருந்ததில்லை. 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1948 ஜனவரி 31ஆம் தேதிக்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களின் வாடகையைக் கட்டிப் போட்டிருந்தது. குடியிருப்போரை எளிதில் வெளியேற்றவும் முடியாது. 1997இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. 1999 இறுதிவரை இடைக்காலச் சலுகை இருந்தது. 2000 ஜனவரி முதல் நாளன்று, பினாங்கு ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகள் சந்தை விலைக்கு வந்தன. தலைமுறை தலைமுறையாக அங்கே தொழில் செய்தவர்களும் குடியிருந்தவர்களும் மூட்டை கட்ட நேர்ந்தது. உரிமையாளருக்குக் காலக்கெடுவில் எவ்வளவு அதிகாரம் இருக்கிறது என்பதை அறிய ஜார்ஜ்டவுனைப் பார்த்தால் போதும்.

ஆகவே ‘ஒன்றும் செய்ய முடியாது’ என்பது சரியன்று. செய்ய முடிவது நிறைய. எப்போது, எப்படிச் செய்கிறோம் என்பதில்தான் கோளாறு.

கடைசி மூன்று மாதம்

ஒப்பந்தம் முடிய மூன்று மாதம் இருக்கும்போது உரிமையாளர் செய்ய வேண்டிய முதல் வேலை, அந்த ஒப்பந்தத்தை எடுத்துப் படிப்பது. சிரிக்க வேண்டாம். கையெழுத்திட்ட நாளோடு அதை அலமாரியில் வைத்துப் பூட்டியவர்களே அதிகம்.

அதில் தேட வேண்டியது ‘புதுப்பிக்கும் விருப்புரிமை’ என்ற விதி. ஈராண்டு முடிந்ததும் மேலும் ஓராண்டு நீட்டித்துக்கொள்ளும் உரிமையை அது வாடகைதாரருக்குத் தருகிறது. குறித்த காலத்துக்குள், பெரும்பாலும் இரண்டு மாதம் முன்னதாக, எழுத்து மூலம் அவர் கேட்டுவிட்டால், விதிகளையும் அவர் ஒழுங்காகக் கடைப்பிடித்திருந்தால், உரிமையாளர் மறுக்க முடியாது. பிடிக்கவில்லை என்ற காரணம் இங்கே செல்லாது. இரண்டாண்டுக்கு முன்பே அந்த உரிமையை விற்றாயிற்று. அவ்விதியில் புதிய வாடகை எவ்வளவு என்று எழுதாமல், ‘இரு தரப்பும் அப்போது பேசி முடிவு செய்யும்’ என்று மட்டும் எழுதியிருந்தால் வேறொரு சிக்கல். உறுதியற்ற ஒப்பந்தம் செல்லாது என்கிறது 1950ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம். அப்படிப்பட்ட விதி இருவரில் எவருக்கும் பயன்படாமல் வழக்குக்கு மட்டும் பயன்படும்.

விருப்புரிமை இல்லை, அல்லது வாடகைதாரர் அதைக் கேட்கவில்லை என்றால், உரிமையாளர் முன்னே உண்மையான தேர்வுகள் இருக்கின்றன. புதிய காலத்துக்குப் புதிய ஒப்பந்தம் போடலாம். முடித்துக்கொள்ளலாம். இவ்விரண்டுக்கும் இடையே பலர் மறந்துவிடும் மூன்றாவது ஒன்றும் உண்டு: குறுகிய கால நீட்டிப்பு.

மாணவர்களுக்கு வீடு விட்டவர்கள் இதைக் குறித்துக்கொள்வது நல்லது. ஒப்பந்தத்தின் ஆண்டும் பல்கலைக்கழகத்தின் ஆண்டும் ஒன்றாக ஓடுவதில்லை. தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஒப்பந்தம் முடிந்துவிடும். பிள்ளைகள் நால்வரும் அரிசிப் பானையையும் கணினியையும் தூக்கிக்கொண்டு எங்கே போவார்கள்? ‘சரி, தேர்வு முடியும் வரை இருங்கள்’ என்று உரிமையாளர் சொல்வது மனிதத்தன்மை. அதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குவது அறிவு. எந்தத் தேதி வரை நீட்டிப்பு, வாடகை எவ்வளவு, அந்தத் தேதியோடு வாடகை முடிகிறது, மாதாந்திர வாடகையாக மாறாது. இந்த நான்கையும் எழுதினால் அரைப்பக்கம்கூட வராது.

புதிய ஒப்பந்தமோ நீட்டிப்போ, முத்திரை வரி கட்ட வேண்டும். முத்திரையிடாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்பதில்லை. வரியையும் தாமதத்துக்கான தண்டத்தையும் கட்டிய பிறகே ஏற்கும். சில வெள்ளிகளை மிச்சம் பிடிக்க நினைத்தவர்கள், வழக்கு என்று வந்ததும் முதல் நாளே வாய்தா வாங்கிக்கொண்டு திரும்பி வர வேண்டியிருக்கும்.

முடித்துக்கொள்வது என்று தீர்மானித்தால், சட்டம் கேட்காவிட்டாலும் ஒரு கடிதம் கொடுங்கள் என்பேன். ஒப்பந்தம் இன்ன தேதியில் முடிகிறது, புதுப்பிக்கும் எண்ணம் இல்லை, சாவியை இன்ன நாளில் இன்ன நேரத்தில் பெற்றுக்கொள்கிறேன், வீட்டைச் சேர்ந்து பார்வையிடுவோம். அவ்வளவுதான். புலனத்தில் அனுப்பினாலும் தவறில்லை, பதிவஞ்சலிலும் ஒன்று போகட்டும். பின்னால் எழும் எல்லாச் சண்டையிலும் அந்த ஒற்றைத் தாள் பேசும்.

வீட்டை விற்கும் எண்ணம் இருப்பவருக்கு ஒரு சொல். வாங்குபவர் காலி வீட்டையே எதிர்பார்த்தால், குடியிருப்பவர் சாவியைத் தந்த பிறகே ஒப்படைக்கும் நாளை வாக்களியுங்கள். ‘அடுத்த மாதம் போய்விடுவார்’ என்ற நம்பிக்கையில் விற்பனைப் பத்திரத்தில் தேதி போட்டால், இரண்டு பக்கமும் மாட்டிக்கொள்வீர்கள்.

இன்னொரு வழக்கமும் உண்டு. இரண்டு மாத வாடகை முன்பணம், தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம் என்பது நம் ஊர் நடைமுறை. ஒப்பந்தம் முடியும் தறுவாயில், ‘கடைசி ரெண்டு மாசத்தை டெப்பாசிட்ல கழிச்சுக்குங்க அண்ணே’ என்று வாடகைதாரர் வாடகையை நிறுத்திவிடுகிறார். ஒப்பந்தம் அதற்கு இடம் கொடுத்தாலொழிய அவருக்கு அந்த உரிமை இல்லை. உரிமையாளர் தலையாட்டிவிட்டால், உடைந்த கதவுக்கும் கட்டாத மின்கட்டணத்துக்கும் கையில் ஒன்றும் மிஞ்சாது. மறுபக்கம், ஈராண்டு குடியிருந்ததால் மங்கிய சுண்ணாம்புக்கெல்லாம் முன்பணத்தில் கைவைக்கும் உரிமையாளர்களும் இருக்கிறார்கள். வாடகைக்கு விட்ட வீடு தேயத்தான் செய்யும். அதற்காகத்தான் மாதாமாதம் வாடகை வாங்கினோம்.

வாய் மூடியிருந்தால்

மேலே சொன்ன எதையும் செய்யாமல் இருப்பதும் ஒரு தேர்வுதான். நம்மவர்கள் அதிகம் தேர்ந்தெடுப்பதும் அதுதான். ஆனால் அதன் விலையை யாரும் சொல்லித் தருவதில்லை.

ஷா ஆலமில் மாதம் 1,500 வெள்ளிக்கு விட்ட ஒரு வீட்டின் ஒப்பந்தம் ஜூன் 30ஆம் தேதி முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். உரிமையாளர் ஒன்றும் சொல்லவில்லை. வாடகைதாரரும் ஒன்றும் கேட்கவில்லை. ஜூலை முதல் வாரம் வழக்கம்போல் 1,500 வெள்ளி வங்கிக் கணக்கில் விழுகிறது. ஆகஸ்டிலும் விழுகிறது. உரிமையாளருக்கு மகிழ்ச்சி. சட்டத்தின் கண்ணில் இதற்குள் ஒரு மாற்றம் நடந்துவிட்டது. முடிந்துபோன வாடகையின் இடத்தில், இருவரின் நடத்தையாலும் ஒரு மாதாந்திர வாடகை பிறந்துவிட்டதாக நீதிமன்றம் கருத இடமுண்டு. இனி அவரை வெளியேறச் சொல்ல வேண்டுமானால் முறையான அறிவிப்பு கொடுக்க வேண்டும். ஒரு முழு மாத அறிவிப்பு, அதுவும் வாடகை மாதம் முடியும் நாளோடு முடிவதாக. ஆகஸ்டு 12ஆம் தேதி கோபம் வந்து, ‘செப்டம்பர் 12க்குள் காலி செய்’ என்று எழுதினால், அந்த அறிவிப்பே கோணலானது என்று எதிர்த் தரப்பு வழக்கறிஞர் எழுந்து நிற்பார்.

மாதாந்திர வாடகை தீயது என்று நான் சொல்லவில்லை. வீட்டை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெற நினைப்பவருக்கு அது வசதியான ஏற்பாடுகூட. தெரிந்து செய்தால் தேர்வு. தெரியாமல் விழுந்தால் பள்ளம்.

இதே எடுத்துக்காட்டைச் சற்று மாற்றுவோம். புதுப்பிக்கவில்லை என்று உரிமையாளர் முன்னதாகவே கடிதம் கொடுத்துவிட்டார். ஜூலை முதல் நாள் வாடகைதாரர் வெளியேறவில்லை. இங்கேதான் 1956ஆம் ஆண்டின் சிவில் சட்டம் உரிமையாளருக்கு ஒரு வலுவான கருவியைத் தருகிறது. அதன் 28ஆம் பிரிவின்படி, வாடகைக் காலம் முடிந்த பிறகும் வீட்டை ஒப்படைக்காமல் இருப்பவரிடம், ஒப்படைக்கும் நாள் வரை இரட்டிப்பு வாடகை கேட்கலாம். நம் கணக்கில் மாதத்துக்கு 3,000 வெள்ளி. பலருக்கு இப்படியொரு பிரிவு இருப்பதே தெரியாது.

ஆனால் இந்தக் கருவி, உரிமையாளரின் இசைவில்லாமல் தங்குபவருக்கு எதிரானது. கடிதமும் கொடுத்துவிட்டு, ஜூலையில் வந்த 1,500 வெள்ளிக்கு ‘வாடகை பெற்றுக்கொண்டேன்’ என்று ரசீதும் எழுதிவிட்டால், இசைவு கொடுத்தார் என்ற வாதத்துக்குத் தானே கதவைத் திறந்து வைத்தவர் ஆவார். பணம் வந்தால் வாங்கவே கூடாதா என்று கேட்பீர்கள். வாங்கலாம். ஆனால் உடனே எழுதுங்கள்: ‘என் உரிமைகளுக்குக் குந்தகமின்றி, வீட்டைத் தடுத்து வைத்திருப்பதற்கான ஈட்டுத்தொகையின் ஒரு பகுதியாக இதைப் பெற்றுக்கொள்கிறேன். இது வாடகையன்று. புதிய வாடகைக்கு நான் இசையவில்லை.’ பேச்சு வழக்கில் சொன்னால் கரடுமுரடாக ஒலிக்கும். எழுத்தில் அது வழக்கமான வரி.

இங்கே நம் பண்பாடு குறுக்கே நிற்கிறது என்பதை மறுக்க இயலாது. குடியிருப்பவர் தமிழர், கோயிலில் பார்த்துப் பழகியவர், பொங்கலுக்கு அழைத்துச் சோறு போட்டவர். அவருக்கு எப்படிக் கடிதம் எழுதுவது என்று தயங்குகிறோம். ‘இன்னும் ரெண்டு மாசம் அக்கா’ என்றால் சரி என்கிறோம். அந்த இரண்டு மாதம் எட்டு மாதமாகும்போது, எழுதத் தயங்கிய அதே கை பூட்டை மாற்றத் தயங்குவதில்லை. கடிதத்தில் இருந்திருக்க வேண்டிய கடுமையை எட்டு மாதம் சேர்த்து வைத்து வாசற்படியில் கொட்டுகிறோம்.

பூட்டு

பூட்டை மாற்றுவது, மின்சாரத்தை வெட்டச் சொல்வது, தண்ணீர் மீட்டரை மூடுவது, பொருள்களை ஐந்தடியில் எடுத்து வைப்பது. இவை தேர்வுகள் அல்ல.

1950ஆம் ஆண்டின் குறிப்பிட்ட நிவாரணச் சட்டம், 7ஆம் பிரிவின் இரண்டாவது உட்பிரிவில் இதைத் தெளிவாகச் சொல்கிறது. வாடகை முடிந்த பிறகும் ஒருவர் வீட்டில் தொடர்ந்து இருந்தால், வீட்டைத் திரும்பப் பெறும் உரிமையுள்ளவர் நீதிமன்ற நடவடிக்கை வழியாக அன்றி வேறு வழியில் அந்த உரிமையை நிறைவேற்றிக்கொள்ளக் கூடாது. ஒப்பந்தம் முடிந்துவிட்டதே என்பது பதிலாகாது. முடிந்த ஒப்பந்தத்தைப் பற்றித்தான் அந்தப் பிரிவே பேசுகிறது. வாடகை பாக்கி இருக்கிறதே என்பதும் பதிலாகாது. ‘உரிமையாளர் எப்போது வேண்டுமானாலும் உள்ளே நுழைந்து வீட்டை எடுத்துக்கொள்ளலாம்’ என்று அச்சிட்ட ஒப்பந்தங்கள் கடைகளில் கிடைக்கின்றன. அந்த வரியை நம்பிப் பூட்டுக்காரரை அழைத்துப் போகிறவர், நியாயம் தன் பக்கம் இருந்த வழக்கில் தானே எதிர்வாதியாகி நிற்பார். வாடகைதாரர் நட்டஈடு கேட்பார். வீட்டுக்குள் இருந்த நகை காணவில்லை என்றும் சொல்வார். இல்லை என்று எப்படி நிரூபிப்பீர்கள்?

சட்டம் இருக்கட்டும். நமக்கு இதில் இன்னொரு கணக்கும் உண்டு.

தோட்டத்து லயங்களில் நம் பாட்டன் பாட்டிமார் குடியிருந்தது வாடகை ஒப்பந்தத்தின் பேரில் அல்ல. வேலையோடு வீடு வந்தது. வேலை போனால் வீடும் போயிற்று. 1950களிலும் 60களிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும், பின்னர் ரப்பர் மரங்கள் சாய்க்கப்பட்டு அந்நிலங்களில் தாமான்கள் எழுந்தபோதும், நாற்பது ஆண்டு ஓரிடத்தில் வாழ்ந்தவர்கள் கையில் ஒரு துண்டுத் தாள்கூட இல்லாமல் வெளியேறினார்கள். குழாயில் தண்ணீர் நின்ற கதையைப் பாட்டியிடம் கேட்டு வளர்ந்தவர்கள் இப்பேரவையில் இன்றும் இருப்பார்கள். அந்தத் தாமான்களில் ஒன்றிலேயே இன்று நமக்கு ஒரு வீடு இருக்கக்கூடும். அந்த வீட்டின் தண்ணீர்க் குழாயை மூடி ஒரு குடும்பத்தை வெளியேற்ற நினைப்பவர், தன் பாட்டிக்குச் செய்யப்பட்டதையே திருப்பிச் செய்கிறார். இதை நான் உருக்கத்துக்காகச் சொல்லவில்லை. அன்று அவர்களிடம் ஒப்பந்தமும் இல்லை, காலக்கெடுவும் இல்லை, அதனால் பேரம் பேசும் வலுவும் இல்லை. இன்று உரிமையாளரிடமும் வாடகைதாரரிடமும் அவை இருக்கின்றன. தாளில் உள்ளதை விட்டுவிட்டுப் பூட்டை நாடுவது, கிடைத்ததைத் தூக்கி எறிவதாகும்.

சரி, நீதிமன்றம் என்றால் என்ன நடக்கும்? உரிமையாளர் வழக்கறிஞர் வழியாக, வீட்டை ஒப்படைக்கும் ஆணையும் இரட்டிப்பு வாடகையும் கேட்டு வழக்குத் தொடுக்கிறார். உரிமையாளர் வாடகைதாரர் வழக்குகளை, தொகை எவ்வளவாக இருந்தாலும், செஷன்ஸ் நீதிமன்றம் விசாரிக்கலாம். ஆணை கிடைத்தும் அவர் வெளியேறாவிட்டால், நீதிமன்ற அமீனா வந்து வீட்டைத் திறந்து ஒப்படைப்பார். ஒப்பந்தம், முத்திரை, கெடு முடிந்ததைச் சொல்லும் கடிதம், பணம் வந்தபோதெல்லாம் எழுதிய மறுப்பு ஆகியவை கையில் இருந்தால், எதிர்த்தரப்புக்குச் சொல்ல அதிகம் இருக்காது. அவை இல்லாத வழக்குதான் இழுக்கிறது.

வாடகை பாக்கிக்கு மட்டும் 1951ஆம் ஆண்டின் டிஸ்ட்ரெஸ் சட்டம் என்ற தனி வழி உண்டு. பன்னிரண்டு மாதத்துக்கு மேற்படாத பாக்கிக்காக, நீதிமன்ற ஆணை பெற்று வீட்டிலுள்ள பொருள்களைப் பறிமுதல் செய்து விற்கலாம். உடுதுணி, படுக்கை போன்ற அத்தியாவசியங்களில் கைவைக்க முடியாது. கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் இது பயன்படும். நான்கு மெத்தையும் ஒரு மின்விசிறியும் இருக்கும் மாணவர் வீட்டில் பறிமுதல் செய்ய என்ன இருக்கிறது? மேலும் இது வீட்டைத் திரும்பப் பெற்றுத் தராது.

காரணம் சொல்லாத உரிமை

புதுப்பிக்க மறுக்கக் காரணம் சொல்ல வேண்டியதில்லை என்று முன்பே சொன்னேன். அந்த உரிமையின் மறுபக்கத்தை இம்மலரின் இளைய வாசகர்கள் நன்றாகவே அறிவார்கள். வீடு தேடி அழைக்கும்போது குரல் இனிக்கிறது. பெயரைச் சொன்னதும், ‘வீடு போய்விட்டது’ என்கிறார்கள். சில விளம்பரங்கள் இன்னின்ன இனத்தாருக்கு மட்டும் என்று வெளிப்படையாகவே அச்சிடப்படுகின்றன. அரசமைப்பின் சமத்துவ விதி அரசை நோக்கியது. தனியாரின் வாடகை வீட்டை அது எட்டுவதில்லை. காரணம் சொல்லாமல் மறுக்கும் உரிமைக்குள் இந்தக் காரணமும் ஒளிந்துகொள்கிறது.

ஆதலால் அந்த உரிமை நம் கைக்கு வரும்போது, சட்டம் கேட்காத ஒன்றை நாம் செய்யலாம். புதுப்பிக்காவிட்டால் காரணத்தைச் சொல்லலாம். மூன்று மாதம் முன்னதாகவே சொல்லலாம். வீடு தேடும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு எத்தனை கதவுகள் மூடப்படும் என்பதை அறிந்தவர்கள் நாம். ஒரு மாதம் அவர்களுக்குப் போதாது. வாடகையை உயர்த்துவதுதான் நோக்கம் என்றால் அதையும் நேராகச் சொல்லிவிடலாம். 200 வெள்ளி உயர்த்தி நல்ல வாடகைதாரரை இழந்து, வீடு இரண்டு மாதம் காலியாகக் கிடந்தால், 1,500 வெள்ளி வீட்டில் 3,000 வெள்ளி போய்விடும். உயர்த்திய தொகையில் அதை ஈடுகட்டப் பதினைந்து மாதம் ஆகும். முகவரின் தரகுக்கூலியை நான் இன்னும் சேர்க்கவில்லை.

மெதுவாக நகரும் நீதிமன்றத்தின் மீது உரிமையாளர்களுக்கு இருக்கும் சலிப்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. வங்கி ஒரு மாதமும் பொறுப்பதில்லை. நூற்றுக்கு நூறு சரியாக நடந்துகொண்டவரும் மாதக்கணக்கில் காத்திருக்கத்தான் வேண்டியிருக்கிறது. பூட்டுக்காரருக்கு வேலை கிடைப்பது இந்தத் தாமதத்தால்தான். வீட்டு வாடகைக்கென்று தனிச் சட்டம் கொண்டுவருவதைப் பற்றி வீடமைப்பு, ஊராட்சி அமைச்சு பல ஆண்டுகளாகப் பேசி வந்திருக்கிறது. உரிமையாளர்களில் பலர் அதை எதிர்க்கிறார்கள். வாடகைதாரருக்கே சாதகமாக இருக்கும் என்று அஞ்சுகிறார்கள். எனக்கு அந்த அச்சம் இல்லை. இந்நாட்டில் குளிர்சாதனப் பெட்டி பழுதானால் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. மேம்பாட்டாளர் வீட்டைத் தாமதமாகக் கொடுத்தால் 2002 முதல் வீடு வாங்குவோர் தீர்ப்பாயம் இருக்கிறது. இரண்டிலும் சில வெள்ளிக் கட்டணத்தில், வழக்கறிஞர் இல்லாமல், நாமே போய்ப் பேசலாம். வாடகை வீட்டுக்கு மட்டும் அப்படி ஒன்றில்லாமல் ஏன் இருக்க வேண்டும்?

அத்தகைய தீர்ப்பாயம் அமைந்தால் அது செய்ய வேண்டிய முதல் வேலை, காலம் முடிந்த வாடகையைத் தீர்த்து வைப்பதே. முத்திரையிட்ட ஒப்பந்தமும் முன்னதாகக் கொடுத்த கடிதமும் இருக்கும் உரிமையாளருக்கு, வீட்டை ஒப்படைக்கும் ஆணை சில வாரங்களில் கிடைக்க வேண்டும். சாவியை நாள் தவறாமல் கொடுத்துவிட்டுச் சென்ற மாணவர்கள் நால்வர், வராத முன்பணத்தைக் கேட்டு அதே மேசையின் முன் வந்து நிற்கவும் முடிய வேண்டும்.